கோட்டுப் பொத்தான் உயரத்தில் ஒரு ஸ்டேஷன்

என் மாமா ரயிலில் போனது மொத்தம் நாலே தடவை. அதில் இரண்டு தடவை தூங்கிவிட்டாராம். ஆனால் ரயில்வேக்காரர்களை அவருக்குத் தெரிந்த அளவுக்கு ரயில்வேக்கே தெரியாது. முப்பத்தாறு வருஷமாக அவர்களுக்கு உடுப்புத் தைக்கிறார். யாருக்கு வலது தோள் இறக்கம், யார் வயிற்றை எக்கிக்கொண்டு அளவு கொடுப்பார், யார் சட்டைப் பையில் சாவிக்கொத்தைப் போட்டே பையைக் கிழிப்பார், எல்லாம் அத்துப்படி.

“பதவி ஒரு படி ஏறினா இடுப்பு ரெண்டு இஞ்ச் ஏறும் மாப்ள. அடுத்த ஸ்டேஷன் மாஸ்டர் யாருன்னு உத்தரவு வர்றதுக்கு முன்னாடியே என் டேப்புக்குத் தெரிஞ்சிடும்” என்பார். ஸ்டேஷனில் அவருக்கு டேப் மாஸ்டர் என்று பெயர்.

கடை ஒரு நீள அறை. முன்னால் தெருவைப் பார்த்துக் கண்ணாடி ஜன்னல், ஐந்தடி அகலம். அதில் துணி உடுத்திய ஆளுயரப் பெண் பொம்மை ஒன்று நிற்கும். நெற்றியில் ஒரு கீறல், முகத்தில் மகா கர்வம். அத்தை அதற்கு மகாராணி என்று பெயர் வைத்திருந்தார். ஜன்னலுக்குப் பின்னால் வெட்டும் மேஜை, அதற்குப் பின்னால் இரண்டு தையல் மிஷின், அதற்கும் பின்னால் சமையலறை. மேலே ஏறும் படிக்கட்டின் முடிவில் என் அறை. மாமா வெட்டுகிறவர், அத்தை தைக்கிறவர். கத்தரிக்கோல் அத்தை கைக்குப் போனதையோ, மிஷின் மாமாவின் கால்பட்டு ஓடியதையோ நான் பார்த்ததில்லை.

எங்கள் வம்சத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். இதைச் சொல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது என்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிராமத்திலிருந்து படிக்க வந்தபோது மாமா வீட்டு மாடியில் தங்கினேன். படிப்பு முடிந்து, கட்டடங்களுக்கு வரைபடம் போடும் அலுவலகத்தில் வேலையும் கிடைத்து, அங்கேயே இருந்துவிட்டேன். பட்டமளிப்பு விழாவில் நான் எடுத்துக்கொண்ட புகைப்படம் கடைச் சுவரில் மாட்டியிருக்கிறது. வருகிறவர்களிடம் மாமா அதைப் பெருமையோடு காட்டுவார். “பேன்ட் விழற அழகைப் பாத்தீங்களா? ஒரு சுருக்கம் உண்டா?”

இந்த மனிதருக்கு ரயில் பைத்தியம் பிடித்தது ஒரு தொப்பியால்.

ரயில் கார்டு ஒருவர் புது உடுப்பை வாங்கிக்கொண்டு தொப்பியைக் கடையிலேயே மறந்துவிட்டுப் போனார். ரயில் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம். மாமா தொப்பியை எடுத்துக்கொண்டு ஓடினார். பிளாட்பாரத்தில் கால் வைத்தவர் அப்படியே நின்றுவிட்டார். ஸ்டேஷன் மாஸ்டர் கையில் காகிதத்தோடு நிற்கிறார், கார்டு கொடியைச் சுற்றுகிறார், டிரைவர்கள் இரண்டு பேர் தேநீர் குடிக்கிறார்கள், பாதை மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் தண்டவாளத்தைத் தாண்டி வருகிறார். அத்தனை பேர் உடம்பிலும் இருப்பது மாமா வெட்டியது, அத்தை தைத்தது.

“மாப்ள, முப்பத்தாறு வருஷமா நான் பாத்தது எல்லாம் ஒத்தை ஒத்தை ஆளு. கையைத் தூக்கிட்டு, மூச்சைப் பிடிச்சிட்டு, கண்ணாடி முன்னாடி நிக்கிற ஆளு. எல்லாரும் சேந்து வேலை பாக்கறத அன்னிக்குத்தான் பாத்தேன். என் தையல் எல்லாம் நடமாடுது!”

அந்தக் காட்சியை அப்படியே சின்னதாகச் செய்து வைத்துக்கொள்ள வேண்டும். ரயில் உட்பட, ஓட ஓட. இதுதான் அவர் ஆசை. கடைவீதியில் மாடல் ரயில் விற்கும் கடை ஒன்று இருந்தது. என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

கடைக்காரர் நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் நீளம். “முதல்ல அளவை முடிவு பண்ணுங்க மாஸ்டர். இது கல்யாணம் மாதிரி. ஒரு அளவைக் கட்டிக்கிட்டீங்கன்னா அப்புறம் வண்டி, வீடு, மரம், மனுஷன் எல்லாம் அந்த அளவுலதான். பக்கத்து அளவைத் திரும்பிப் பாக்கக் கூடாது.”

“முப்பத்தாறு வருஷமா டேப்பை மட்டும்தான் கழுத்துல போட்டிருக்கேன். நீங்க காட்டுங்க.”

அவர் மூன்று பொம்மை மனிதர்களைக் கண்ணாடி மேஜையில் நிறுத்தினார். முதலாவது ஓ அளவு, நிஜத்தில் நாற்பத்தெட்டில் ஒரு பங்கு. அடுத்தது எச்.ஓ., எண்பத்தேழில் ஒரு பங்கு. கடைசியாக என், நூற்றறுபதில் ஒரு பங்கு. நான் வகுத்துப் பார்த்து ஆள் உயரத்தை மில்லிமீட்டரில் சொல்ல வாயெடுப்பதற்குள் மாமா பையில் கையை விட்டார். ஒரு நூல்கண்டு, ஒரு கோட்டுப் பொத்தான், ஒரு சட்டைப் பொத்தான். மூன்றையும் நிமிர்த்தி ஒவ்வோர் ஆளின் பக்கத்திலும் வைத்தார். அச்சாகப் பொருந்தியது.

நூல்கண்டு உயர ஆளைப் பார்த்து மாமாவுக்கு வாயெல்லாம் பல். முகத்தில் மீசைகூடத் தெரிந்தது. “இந்த அளவுல ரயில் திரும்பணும்னா உங்க வெட்டற மேஜை பத்தாது” என்றார் கடைக்காரர்.

“கடையே பத்தாது மாமா. நாம வெளியில நிக்கணும்” என்றேன் நான்.

“சரி, இவர் பெரிய மனுஷர், நமக்குக் கட்டுப்படியாகாது” என்று நூல்கண்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

கடைக்காரர் சட்டைப் பொத்தானைத் தட்டினார். “இடம் கம்மின்னா இதுதான் நல்லது. ஒரு தட்டுல மலை, ஆறு, ஊரு எல்லாம் அடக்கிடலாம்.”

மாமா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கி, மறுபடி ஏற்றிப் பார்த்தார். ஊசியில் நூல் கோக்க இரண்டு வருஷமாக அத்தையைத்தான் கூப்பிடுகிறார். “இதுல யாரு கார்டு, யாரு டிரைவரு? எறும்புக்கு உடுப்புத் தைக்கச் சொல்றீங்களா?”

ஆக, கோட்டுப் பொத்தான். எச்.ஓ. அந்த ஆளுக்குக் காலர் உண்டு, பொத்தான் வரிசையை ஒரு மயிர்த் தூரிகையால் புள்ளி வைத்துக் காட்டலாம். அவர் ஆசைக்கும் கண்ணுக்கும் அது ஒன்றுதான் ஒத்துவந்தது. ஆர்டர் திங்கட்கிழமை போகும், தவறினால் அடுத்தது ஆறு மாதம் கழித்துத்தான் என்றார் கடைக்காரர். சாமான்களின் படம் போட்ட அட்டவணைப் புத்தகத்தையும் கையில் கொடுத்தார்.

இனி இடம். வீட்டில் மிச்சமிருந்த ஒரே இடம் மகாராணியின் ஜன்னல். அத்தையிடம் மாமா இதைச் சொன்ன விதத்தைக் கேட்டிருக்க வேண்டும்.

“ஏம்மா, அந்த மகாராணிக்குக் கால் வலிக்காதா? வருஷக்கணக்கா நிக்குதே.”

அத்தை மிஷினை நிறுத்தவில்லை. “ஜன்னல் வேணும்னு நேரா கேளுங்க. பொம்மை கால் மேல ஏன் பழி போடறீங்க? ஸ்கூல் திறக்கற மாசம் வருது. யூனிஃபார்ம் தைக்கிற கடைன்னு ரோட்டுல போறவங்களுக்கு எப்படித் தெரியும், ரயில் ஓடறதைப் பாத்தா?”

பேரம் நடந்தது. கடைசியில் அத்தை ஒரே பேச்சாகச் சொன்னார். “ஞாயித்துக்கிழமை ஜன்னலைக் காலி பண்ணித் துடைக்கப்போறேன். அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள உங்க ரயில் அதுல அடங்கும்னு காட்டுங்க. அடங்கினா பேசலாம். அடங்கலைன்னா மகாராணி ஏறிடுவா, அப்புறம் இந்தப் பேச்சே வரக் கூடாது. விரலுக்குத் தகுந்த வீக்கம் வேணும்.”

அன்றிலிருந்து திட்டம் போட்டோம். மாமாவின் முதல் பட்டியலில் ஸ்டேஷன், பாலம், ஆறு, எஞ்சின் கொட்டகை, தொழிற்சாலை, சந்தை, மலை என்று ஏழெட்டு இருந்தது. நான் பேச்செடுக்கும் முன்பே அவரே பென்சிலை எடுத்தார். “சட்டையில எட்டுப் பை வெச்சா அது சட்டையில்ல மாப்ள, சாக்கு” என்று ஒவ்வொன்றாக அடித்தார். மிஞ்சியது ஸ்டேஷன் ஒன்று, அதன் பின்னால் ஒரு மலை. ரயில் மலைக்குள் போய் மறைய வேண்டும், கொஞ்ச நேரம் காணாமல் போக வேண்டும், பிளாட்பாரத்தில் நிற்பவர்கள் காத்திருக்க வேண்டும், அப்புறம் வர வேண்டும். “எந்நேரமும் கண்ணு முன்னாடி சுத்திட்டே இருந்தா அது ரயில் இல்ல, செக்கு.”

நான் அலுவலகத்துப் பாணியில் பத்தில் ஒரு பங்காக வரைபடம் போட்டுக் கொடுத்தேன். ஜன்னலின் ஆழம் முப்பத்திரண்டு இஞ்ச். எச்.ஓ.வில் கிடைக்கும் மிக இறுக்கமான வளைவுத் துண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு வட்டம். வளைவில் பெட்டி வெளியே பிதுங்கும் இடத்தையும் சேர்த்து முப்பதேகால் இஞ்ச். அடங்கும். மாமா வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கூடப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

“சின்னதா வரைஞ்சு பெருசா நினைச்சுக்கறது படிச்சவங்க வேலை. எனக்கு வெட்டிப் போட்டுப் பாக்கணும்.”

அட்டவணைப் புத்தகத்தில் வளைவுத் துண்டு நிஜ அளவிலேயே அச்சாகியிருந்தது. அதை வைத்து, பெட்டி பிதுங்கும் இடத்தையும் கூட்டி, பிரவுன் பேப்பரில் சாக்பீஸால் கோடு போட்டு, பன்னிரண்டு துண்டு வெட்டினார். கத்தரிக்கோல் காகிதத்தில் போகும் சத்தத்தைக் கேட்கவே நன்றாக இருந்தது. கூடவே நேர்த் துண்டுகளும் வெட்டினார். என் பங்குக்கு ஒரு யோசனை சொன்னேன். “மாமா, தண்டவாளம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாது. முனைக்கு முனை முட்டி நிக்கும். காகிதத்தையும் அப்படியே முட்ட வெச்சு ஒட்டணும்.” அப்படியே ஒட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்ட கையோடு அத்தை ஜன்னலைக் காலி செய்தார். மகாராணியைக் கட்டித் தூக்கி வந்து மிஷின் பக்கத்தில் நிறுத்தினோம். மாமா பிரவுன் பேப்பர் ரயில்பாதையை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு ஜன்னலுக்குள் ஏறினார்.

“அந்தப் பக்கம் பிடி மாப்ள. மெதுவா. விரி.”

விரித்தோம். முன்விளிம்பு கண்ணாடியில் முட்டி மேல்நோக்கி வளைந்து நின்றது. பின்னால் தள்ளினால் பின்சுவரில் ஏறியது. மாமா கழுத்திலிருந்த டேப்பை எடுத்து வைத்தார்.

“உன் கணக்கு என்ன சொல்லுச்சு?”

“முப்பதேகால்.”

“இது முப்பத்தஞ்சு.”

“இருக்காதே மாமா.”

“டேப்பு உன் காலேஜுல படிக்கலை. அதுக்குப் பொய் சொல்லத் தெரியாது.”

நான் மாடிக்கு ஓடினேன். மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் முப்பதேகால். இறங்கி வந்து பார்த்தால் காகிதம் இன்னும் கண்ணாடியில் முட்டிக்கொண்டுதான் இருந்தது. என் பட்டத்தின் மேல் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

“அந்த மூணாவது அளவு இருக்கே, சின்னது. அதையாவது வாங்கிக்கோங்களேன்” என்றார் அத்தை. ஜெயித்தவருக்கு இருக்க வேண்டிய குரலாக அது இல்லை.

“கண்ணுக்குத் தெரியாத ஆளுங்களுக்கு நான் எதுக்கு ஸ்டேஷன் கட்டணும்? விடு. மகாராணியைத் தூக்கி வை.” அவர் ஜன்னலை விட்டு இறங்கி, காகிதத்தை மேஜைமேல் போட்டார். டேப்பைக் கழுத்திலிருந்து கழற்றி ஆணியில் மாட்டினார். கடை பூட்டும் நேரம் தவிர அந்த ஆணிக்கு வேலையே கிடையாது. உள்ளே போய்த் தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் குடித்தார்.

எங்கள் கடையில் பிரவுன் பேப்பரை வீணாக்க மாட்டார்கள். அத்தை மிஷின் ஸ்டூலில் உட்கார்ந்து துண்டுகளைப் பிரித்து மடிக்கத் தொடங்கினார். இரண்டு துண்டு மடித்தார். மூன்றாவதைக் கையில் எடுத்தவர் அப்படியே நிறுத்தினார். விரல் நுனி காகிதத்தின் மேல் மெதுவாக நகர்ந்தது. முப்பத்தாறு வருஷமாக மிஷின் ஊசிக்கு முன்னால் துணியை நகர்த்திய விரல் அது. மகாராணியை ஒரு பார்வை பார்த்தார். காகிதத்தை ஒரு பார்வை பார்த்தார்.

“ஏங்க, இங்க வாங்க. இது என்ன கோடு?”

மாமா வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார். “எந்தக் கோடு?”

“சாக்பீஸ் கோடு. உள்ளே சுத்தி வருதே.”

“அது தண்டவாளமும் பெட்டி பிதுங்கற இடமும் சேந்த அளவு.”

“சரி. அப்ப கோட்டுக்கு வெளியில அரை இஞ்ச் இருக்கே, இது?”

“அது தையலுக்கு...”

மாமா காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“தண்டவாளத்தை எந்த மிஷின்ல தைக்கப்போறீங்க?” என்றார் அத்தை.

கடையில் சிரிக்காமல் இருந்தது மகாராணி மட்டும்தான். நான் மேஜையைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். கோடு போட்டால் அரை இஞ்ச் வெளியே வெட்டுவது மாமாவின் கைக்கு மூச்சு விடுவது மாதிரி. பன்னிரண்டு துண்டு, துண்டுக்கு இரண்டு முனை, முனைக்கு அரை இஞ்ச். ஏறாமல் முட்ட வைக்கச் சொன்ன புண்ணியவான் நான். சுற்றளவில் முழுசாக ஓர் அடி கூடியிருந்தது. அது குறுக்கே கிட்டத்தட்ட நாலு இஞ்ச், இரண்டு ஓரத்து அரை இஞ்சும் சேர்ந்து ஐந்து.

அத்தை என் பக்கம் திரும்பினார். “நீ என்ன சிரிக்கிற? பட்டம் வாங்கின பிள்ளை, பக்கத்துல குத்துக்கல்லு மாதிரி நின்னுட்டுத்தானே இருந்த? கோடு உன் கண்ணுக்குத் தெரியலையா?”

தெரிந்தது. கோடு போட்டுத்தானே வெட்டுவார்கள் என்று நினைத்தேன். வெட்டுகிறவர் கண் காகிதத்தின் ஓரத்தில் இருக்கும். தைக்கிறவர் கண் கோட்டில்தான் இருக்கும். எனக்கு இரண்டிலும் கண் இல்லை.

கோட்டோடு கோடாக வெட்டி மறுபடி ஒட்டினோம். ஜன்னலில் விரித்தபோது காகிதம் இருபக்கமும் முக்கால் இஞ்சுக்கு மேலேயே இடம் விட்டு, சொன்ன பேச்சுக் கேட்கும் பிள்ளை மாதிரிப் படுத்துக்கொண்டது. “முப்பதேகால்” என்றேன், யாரும் கேட்காமலேயே.

“அத்தை, நீங்க பேசாம மடிச்சு வெச்சிருந்தா ஜன்னல் உங்களுக்குத்தானே?”

“ஜெயிச்சா அளவுல ஜெயிக்கணும்ப்பா. இவர் விட்ட அரை இஞ்சுல ஜெயிச்சா எனக்கு என்ன பெருமை? அதுவும் இல்லாம,” என்று ஆணியைப் பார்த்தார், “அந்த டேப்பு இல்லாத கழுத்தைப் பாக்க சகிக்கலை.”

மாமா ஓடிப்போய் டேப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். ஆனால் அத்தை முடிக்கவில்லை.

“இப்ப மகாராணி எங்க நிப்பா?”

மாமா என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். காகிதப் பாதை ஜன்னல் முழுக்கக் கிடந்தது. அத்தை எழுந்து மகாராணியை இடுப்போடு தூக்கி, “பிடிங்கப்பா” என்று சொல்லி, இடதுபக்க வளைவுக்குள்ளே, பாதையை மிதிக்காமல் நிறுத்தினார். பிறகு அலமாரியிலிருந்து பச்சை வெல்வெட் துணியை உதறி அதன் இடுப்பில் குத்தி, தரை வரைக்கும் விரித்துவிட்டார். துணி மடிப்பு மடிப்பாக இறங்கி, பாதையின் பின்வளைவை மூடிக்கொண்டு படர்ந்தது.

“இதான் உங்க மலை. ஓரத்துல ரெண்டு இடத்துல கம்பி வளைச்சுத் தூக்கிட்டா ரயில் ஒரு பக்கம் போயி, மறு பக்கம் வரும்.”

மாமா தெருவுக்கு ஓடி, கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தார். உள்ளே வரும்போது அவர் குரலே மாறியிருந்தது. “மலைக்கு இடுப்பு எவ்வளவு?”

“இருபத்தாறு” என்றார் அத்தை. “ஸ்கூல் திறந்ததும் சாம்பல் கலர் யூனிஃபார்ம் மலை. மழைக்காலத்துல பச்சை மலை. மலையை நான்தான் மாத்துவேன், நீங்க கை வைக்கக் கூடாது. அப்புறம் இன்னொண்ணு. பிளாட்பாரத்துல அஞ்சு ஆம்பளைங்களை நிறுத்தி வெச்சிருக்கீங்களே, உங்க ரயில்ல பொம்பளைங்களே ஏற மாட்டாங்களா?”

ஆர்டர் தாளில் எச்.ஓ. வளைவுத் துண்டு பன்னிரண்டு, கூடவே நேர்த் துண்டுகள், எஞ்சின் ஒன்று, பெட்டி இரண்டு, ஸ்டேஷன் ஊழியர் ஐந்து என்று எழுதியிருந்ததற்குக் கீழே, “பெண் பயணி ஒன்று, கோட் போட்டவர்” என்று சேர்த்தேன். “கோட்டுக்குக் காலர் சரியா இருக்கான்னு பாத்து வாங்குங்க” என்றார் அத்தை.

திங்கட்கிழமை காலையில் ஆர்டரைக் கொடுத்துவிட்டு மாமா கடை திறந்தார். முதல் ஆளாக வந்தவர் தொப்பி மறந்த கார்டு. புது பேன்டுக்கு அளவு கொடுக்க வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“எக்காதீங்க சார். சின்னவருக்கு இறுக்கும்.”

“யாருய்யா அந்தச் சின்னவரு?”

“ஜன்னல் ஸ்டேஷன்ல நிக்கப்போற நீங்கதான். விடுங்க மூச்சை.” டேப் சுற்றி வந்தது. “நாப்பத்திரெண்டு. மாப்ள, இதை எண்பத்தேழால வகுத்தா?”

அலுவலகத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நான் படியிலிருந்தே சொன்னேன். “அரை இஞ்சுக்குத் துளி கம்மி.”

மாமா அளவுப் புத்தகத்தில் நாற்பத்திரண்டு என்று எழுதினார். பக்கத்தில் இன்னொரு கட்டம் போட்டு அரை இஞ்ச் என்று எழுதினார். கொஞ்சம் யோசித்தார். மிஷின் பக்கம் ஓரக்கண்ணால் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அதன் கீழே பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு கோடும் போட்டார்: “தையலுக்கு விடக் கூடாது.”